வழங்கிகளின் மின்நுகர்வுக் கண்காணிப்பும் மேலாண்மையும்: அவலாஞ்சி முதல் தரவு மையம் வரை

வழங்கி மின்நுகர்வு மேலாண்மை என்பது, தரவு மையத்தில் உள்ள வழங்கிகள் (சர்வர்கள்) எவ்வளவு மின்சாரத்தை, எந்த நேரத்தில், எந்த வேலைக்காகப் பயன்படுத்துகின்றன என்பதை அளந்து, அந்தப் பயன்பாட்டைத் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்தும் முறையாகும். இதில் கண்காணித்தல், கட்டுப்படுத்தல் என இரண்டு பகுதிகள் உண்டு. அளக்கப்படாத மின்நுகர்வைக் கட்டுப்படுத்த இயலாது. அளந்தும் கட்டுப்படுத்தாவிட்டால் அளந்ததால் பயன் இல்லை.

மின்நுகர்வு மேலாண்மை தரவு மையத்தின் மின்கட்டணத்தோடு மட்டும் தொடர்புடையது அன்று. தரவு மையம் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட் மின்சாரமும் ஏதோ ஒரு மின்நிலையத்தில் அதே நொடியில் உற்பத்தி செய்யப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நொடிக்கு நொடிச் சமநிலையைக் காக்க உதவும் இடங்களுள் ஒன்று நீலகிரி மாவட்டத்தின் அவலாஞ்சி. வழங்கியின் மின்நுகர்வை ஏன் அளக்க வேண்டும், ஏன் நேரம் பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான விடை அவலாஞ்சியின் நீர்த்தேக்கத்தில் தெளிவாகக் கிடைக்கிறது.

அவலாஞ்சியும் குந்தா மின்திட்டமும்

அவலாஞ்சி, உதகமண்டலத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், குந்தா வட்டத்தில் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் சூழ அமைந்த மலைப்பகுதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு நிகழ்ந்த பெரிய மண்சரிவே இப்பெயருக்குக் காரணம் என்று கூறப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை இங்கு மிகுதியாகப் பெய்யும். 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் மட்டும் 90 செ.மீ.க்கும் மேற்பட்ட மழை பதிவானது.

இந்த மழைநீரைப் பயன்படுத்தி, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் 1950களில் குந்தா நீர்மின் திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின் ஆறு மின்நிலையங்களின் மொத்தத் திறன் 585 மெகாவாட். மேல்பவானி அணையின் நீர் முதலில் அவலாஞ்சியில் உள்ள 40 மெகாவாட் மின்நிலையத்தை இயக்கிவிட்டு, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து குந்தா முதலாம் மின்நிலையம், கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக இறங்கி, ஒவ்வோர் இடத்திலும் மின்சாரம் தருகிறது. ஒரே நீர் பல முறை வேலை செய்கிறது.

ஆயினும் அந்த நீர் வரம்புக்கு உட்பட்டது. சில மாதங்களில் பெய்யும் மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டும். எனவே இவ்வகை நீர்மின் நிலையங்களை நாள் முழுவதும் முழுத்திறனில் இயக்குவதில்லை. தேவை மிகும் நேரங்களுக்காக நீரைச் சேமித்து வைப்பதே வழக்கம். அனல்மின் நிலையம் ஒன்றைத் தொடக்க நிலையிலிருந்து இயக்கப் பல மணி நேரம் ஆகும். நீர்மின் நிலையமோ சில நிமிடங்களில் முழு உற்பத்தியை எட்டிவிடும்.

மின்தொகுப்பின் சமநிலை

மாறுதிசை மின்சாரத்தை அப்படியே சேமித்து வைக்க முடியாது. உற்பத்தியும் நுகர்வும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். நுகர்வு மிகுந்தால் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்சுக்குக் கீழே இறங்கும். உற்பத்தி மிகுந்தால் மேலே ஏறும். இந்தியாவில் 49.90 முதல் 50.05 ஹெர்ட்சு வரையிலான வரம்புக்குள் அதை வைத்திருக்க வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கப்பட்டது முதல், இந்தியா முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது. ஆகவே சென்னையில் இயங்கும் வழங்கிக்கு எந்த மின்நிலையத்தின் மின்சாரம் வருகிறது என்று பிரித்துக் காட்ட முடியாது. எல்லா மின்நிலையங்களும் ஒரே தொகுப்பைத் தாங்குகின்றன.

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. மாநிலத்தில் காற்றாலை, சூரிய மின்சாரத்தின் பங்கு பெரியது. பகலில் சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கிறது. மாலையில் அது மறையும் நேரத்தில் வீடுகளின் தேவை உயர்கிறது. இந்த இடைவெளியை நிரப்பும் வழிகளுள் ஒன்று நீரேற்றுப் புனல் மின்திட்டம். மின்சாரம் மிகுதியாக இருக்கும்போது கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவை மிகும்போது அதை இறக்கி மின்சாரம் எடுப்பது இதன் செயல்முறை. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள இத்தகைய நிலையம் உள்ளது. நீலகிரியில் கட்டப்பட்டுவரும் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுப் புனல் மின்திட்டத்தில் போர்த்திமந்து மேல் நீர்த்தேக்கமாகவும், அவலாஞ்சி–எமரால்டு கீழ் நீர்த்தேக்கமாகவும் அமைகின்றன.

இம்முறையில் இழப்பு உண்டு. நீரை ஏற்ற 100 யூனிட் செலவிட்டால், இறக்கும்போது பொதுவாக 75 முதல் 80 யூனிட் வரைதான் திரும்பக் கிடைக்கும். மின்சாரத்தை நேரம் மாற்றிக் கொடுப்பதற்கான விலை அது. மின்சாரத்தை மாற்றுவதற்குப் பதிலாக வேலையின் நேரத்தையே மாற்ற முடிந்தால் அந்த இழப்பு நேராது. வழங்கி மின்நுகர்வு மேலாண்மை முக்கியத்துவம் பெறுவது இங்கேதான்.

தரவு மையங்களின் மின்தேவை

பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024இல் உலகத் தரவு மையங்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. இது உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. 2030க்குள் இது 945 டெராவாட் மணி அளவுக்கு உயரும் என அம்முகமை மதிப்பிடுகிறது.

கடலடி இணையக் கம்பிவடங்கள் கரையேறும் நகரம் என்பதால், சென்னை இந்தியாவின் முக்கியத் தரவு மைய நகரங்களுள் ஒன்று. அம்பத்தூர், சிறுசேரி ஆகிய பகுதிகளில் பெரிய தரவு மையங்கள் உள்ளன. தமிழ்நாடு அரசு 2021இல் தரவு மையக் கொள்கையை வெளியிட்டது. சிறுசேரியில் 2022இல் தொடங்கப்பட்ட ஒரு தரவு மையம், முழுமையாக விரிவடையும்போது 33 மெகாவாட் கணினிச் சுமையைத் தாங்கும் வகையில் திட்டமிடப்பட்டது. அவலாஞ்சி மின்நிலையத்தின் திறன் 40 மெகாவாட் என்பதோடு இதை ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: மின்நிலையம் தேவையான நேரத்தில் மட்டும் இயங்குகிறது, தரவு மையம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.

வழங்கிக்குள் மின்சாரம் செல்லும் இடங்கள்

வழங்கிக்கு வரும் மின்சாரம் முதலில் மின்வழங்கு அலகில் நேர்மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. இங்கேயே ஒரு பகுதி வெப்பமாக இழக்கப்படுகிறது. இந்த இழப்பைக் குறைக்க 2004 முதல் '80 பிளஸ்' என்ற தரச்சான்று நடைமுறையில் உள்ளது. மீதி மின்சாரம் செயலி, நினைவகம், சேமிப்பு வட்டுகள், வலையமைப்பு அட்டை, குளிர்விக்கும் விசிறிகள் ஆகியவற்றுக்குச் செல்கிறது. செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கான வழங்கிகளில் வரைகலைச் செயலிகளே பெரும்பங்கு மின்சாரத்தை எடுக்கின்றன. என்விடியா நிறுவனத்தின் டி.ஜி.எக்ஸ். எச்100 என்ற ஒரே வழங்கி 10.2 கிலோவாட் வரை எடுக்கும். 300 வாட் எடுக்கும் சாதாரண வழங்கிகள் 34 சேர்ந்து எடுக்கும் அளவு இது.

வழங்கி வேலையின்றி இருந்தாலும் மின்சாரம் எடுக்கும் என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் லூயிஸ் பரோசோ, ஊர்ஸ் ஹோல்சலே ஆகியோர் 2007இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைச் சுட்டிக்காட்டியது. வழங்கிகள் பெரும்பாலான நேரம் தம் திறனில் 10 முதல் 50 விழுக்காடு வரையே பயன்படுத்தப்படுகின்றன. திறன்மிக்க வழங்கிகூட வேலையற்ற நிலையில் முழுச்சுமை மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. செய்யும் வேலைக்கு ஏற்ற அளவில் மட்டுமே மின்சாரம் எடுக்கும் கணினிகள் வேண்டும் என்று அக்கட்டுரை வலியுறுத்தியது. பிந்தைய வழங்கிகள் இதில் முன்னேறியுள்ளன. ஆனாலும் வேலையற்ற நிலையின் மின்நுகர்வு இன்னும் மறைந்துவிடவில்லை.

எடுத்துக்காட்டாக, வேலையின்றி 150 வாட் எடுக்கும் ஒரு வழங்கியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு நாளில் 3.6 யூனிட் செலவிடும். 1,000 லிட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், 90 விழுக்காடு செயல்திறன் உள்ள நிலையத்தில் சுமார் 0.245 யூனிட் கிடைக்கும். அதாவது ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் தேவை. எந்த வேலையும் செய்யாத அந்த ஒரு வழங்கிக்காக நாள்தோறும் 14,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் 100 மீட்டர் கீழே இறங்க வேண்டும். நீர் அழிந்துவிடுவதில்லை. ஆனால் அது மேலே தேங்கி நின்றபோது கொண்டிருந்த ஆற்றல் செலவாகிவிடுகிறது.

கண்காணிப்பு முறைகள்

மின்நுகர்வைப் பல நிலைகளில் அளக்கலாம். ஒவ்வொரு நிலையும் வெவ்வேறு கேள்விக்கு விடை தருகிறது.

கட்டட நிலை: மின்வாரியத்தின் அளவியும் துணைநிலைய அளவிகளும் தரவு மையத்தின் மொத்த நுகர்வைக் காட்டும். கட்டணம் இதன்படியே அமையும். உயரழுத்த மின்இணைப்பில் பயன்படுத்திய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, அந்த மாதத்தில் எட்டிய உச்சத் தேவைக்கும் கட்டணம் உண்டு.

யு.பி.எஸ். நிலை: தடையில்லா மின்வழங்கியின் உள்வரவையும் வெளியீட்டையும் ஒப்பிட்டால், அதற்குள் ஏற்படும் இழப்பு தெரியவரும்.

அடுக்கு நிலை: வழங்கிகள் பொருத்தப்படும் ஒவ்வொரு அடுக்கிலும் மின்பகிர்வுப் பலகை இருக்கும். அளவி பொருத்திய பலகைகள் ஒவ்வொரு இணைப்பின் மின்னோட்டத்தையும் தனித்தனியாகக் காட்டும்.

வழங்கி நிலை: வழங்கியின் தாய்ப்பலகையில் பி.எம்.சி. எனப்படும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி உள்ளது. வழங்கி அணைக்கப்பட்டிருந்தாலும் இது இயங்கும். மின்நுகர்வு, வெப்பநிலை, விசிறி வேகம் ஆகியவற்றை இதனிடமிருந்து தொலைவிலிருந்தே பெறலாம். இதற்கான ஐ.பி.எம்.ஐ. என்ற நெறிமுறை 1998இல் வெளியானது. அதற்கு அடுத்த தலைமுறையான ரெட்ஃபிஷ் 2015இல் வெளியானது.

செயலி நிலை: இன்டெல் செயலிகளில் 2011 முதல் உள்ள ஆர்.ஏ.பி.எல். என்ற வசதி, செயலியும் நினைவகமும் செலவிடும் ஆற்றலைக் காட்டுகிறது. எந்த மென்பொருள் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று மதிப்பிட இது உதவும். ஆனால் விசிறி, வட்டு, மின்வழங்கு அலகின் இழப்பு ஆகியவை இதில் சேராது.

அளவீட்டில் நேர இடைவெளியும் முக்கியம். ஐந்து நிமிடச் சராசரியை மட்டும் பார்த்தால், சில நொடிகள் நீடித்த உச்சம் தெரியாது. அந்த உச்சமே மின்சுற்று முறிப்பானைத் துண்டித்துவிடக்கூடும். எல்லா அளவிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும்; இல்லையெனில் அடுக்கின் அளவையும் வழங்கியின் அளவையும் ஒப்பிட இயலாது.

மின்பயன்பாட்டு விகிதம்

தரவு மையத்தின் செயல்திறனைக் குறிக்கப் பரவலாகப் பயன்படும் அளவு பி.யு.இ. எனப்படும் மின்பயன்பாட்டு விகிதம். தரவு மையத்தின் மொத்த மின்நுகர்வைக் கணினிக் கருவிகளின் மின்நுகர்வால் வகுத்தால் இது கிடைக்கும். குளிரூட்டல், மின்மாற்று இழப்பு, விளக்குகள் ஆகியவை மொத்தத்தில் அடங்கும். விகிதம் 1 என்றால் எல்லா மின்சாரமும் கணினிகளுக்கே செல்கிறது என்று பொருள். நடைமுறையில் அது 1க்கு மேலேயே இருக்கும். இந்த அளவு 2016இல் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது.

இந்த விகிதத்தை மட்டும் நம்பினால் தவறான முடிவுக்கு வர நேரிடும். கணினிகளுக்கு 100 கிலோவாட், மற்றவற்றுக்கு 50 கிலோவாட் எடுக்கும் மையத்தின் விகிதம் 1.5. அங்கு வேலையற்ற வழங்கிகளை நீக்கியதால் கணினிச் சுமை 80 கிலோவாட்டாகவும், மற்றவை 45 கிலோவாட்டாகவும் குறைகின்றன என்று கொள்வோம். மொத்த நுகர்வு 150இலிருந்து 125 கிலோவாட்டாகக் குறைந்துள்ளது. விகிதமோ 1.56 ஆக உயர்ந்து, நிலை மோசமானதுபோல் தோன்றும். வழங்கிகள் வீணாக இயங்குவதை இந்த விகிதம் காட்டாது. அதை அறிய வழங்கி நிலை அளவீடு வேண்டும்.

மேலாண்மை முறைகள்

வேலைகளை ஒருங்கிணைத்தல்: மெய்நிகராக்கத் தொழில்நுட்பத்தால் பல வழங்கிகளின் வேலையைச் சில வழங்கிகளில் சேர்க்கலாம். வேலையின்றி 150 வாட்டும் முழுச்சுமையில் 300 வாட்டும் எடுக்கும் பத்து வழங்கிகள் 10 விழுக்காடு சுமையில் இயங்கினால், மொத்தம் சுமார் 1,650 வாட் எடுக்கும். அதே வேலையை 50 விழுக்காடு சுமையில் இரண்டு வழங்கிகள் செய்தால் 450 வாட் போதும். மீதி எட்டையும் அணைத்துவிடலாம். ஓர் ஆண்டில் இதனால் மிச்சமாவது 10,000 யூனிட்டுக்கும் மேல்.

அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் குறைத்தல்: செயலியின் இயங்குநிலை மின்நுகர்வு, அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டையும் 20 விழுக்காடு குறைத்தால் அந்த நுகர்வு ஏறத்தாழப் பாதியாகும். வேலை முடிய 25 விழுக்காடு கூடுதல் நேரம் ஆகும். ஆனால் வழங்கியின் மற்ற உறுப்புகளும் அந்தக் கூடுதல் நேரம் மின்சாரம் எடுப்பதால், சில வேலைகளை விரைவாக முடித்துவிட்டு உறக்க நிலைக்குச் செல்வதே சிக்கனமாகும். எது நல்லது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

மின் உச்சவரம்பு: ஒவ்வொரு வழங்கியும் எவ்வளவு வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று பி.எம்.சி. வழியாக வரம்பு விதிக்கலாம். 10 கிலோவாட் மட்டுமே அனுமதிக்கப்பட்ட அடுக்கில், பெயர்ப்பலகையில் 500 வாட் என்று குறித்த வழங்கிகளை வைத்தால் 20 மட்டுமே பொருந்தும். அவை உண்மையில் 300 வாட்டைத் தாண்டுவதில்லை என்று அளவீடு காட்டினால், ஒவ்வொன்றுக்கும் 330 வாட் வரம்பு விதித்து 30 வழங்கிகளைப் பாதுகாப்பாக வைக்கலாம். புதிய மின்இணைப்பு இல்லாமலேயே திறன் கூடுகிறது.

நேரத்தை மாற்றுதல்: வங்கிப் பரிமாற்றம், மருத்துவமனைத் தரவு போன்றவற்றை ஒத்திவைக்க முடியாது. காப்புப் பிரதி எடுத்தல், காணொளி மாற்றம், தேடல் குறியீட்டைப் புதுப்பித்தல், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி போன்றவற்றைச் சில மணி நேரம் தள்ளி வைக்கலாம். மின்சாரம் தூய்மையாகக் கிடைக்கும் நேரத்துக்கு இத்தகைய வேலைகளை நகர்த்தும் முறையை 2020இல் கூகுள் அறிவித்தது. இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் விதிகள், சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணமும் விதிக்க வழிசெய்கின்றன. மாலை ஏழு மணிக்கு ஓட வேண்டியிராத ஒரு வேலை நண்பகலுக்கு மாறும்போது, மலையில் நீரை ஏற்றி இறக்கும் தேவையும் அந்த அளவுக்குக் குறைகிறது.

குளிரூட்டலைச் சீராக்குதல்: வழங்கிக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசு வரை இருக்கலாம் என்று அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கிறது. தேவையின்றி அறையை மிகக் குளிராக வைப்பது வீண்செலவு. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலக்காமல் வழித்தடங்களைப் பிரிப்பது எளிய, பயனுள்ள முறை. ஆனால் வெப்பநிலையை மிகவும் உயர்த்தினால் வழங்கியின் விசிறிகள் வேகமாகச் சுழன்று கூடுதல் மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரம் கணினிச் சுமையாகவே கணக்கிடப்படும் என்பதால் விகிதம் குறைந்ததுபோல் காட்டி ஏமாற்றும்.

வரம்புகள்

மின் உச்சவரம்பைக் குறைவாக வைத்தால் பயனர்களுக்குப் பதில் கிடைப்பது தாமதமாகும். வழங்கிகளை மிக நெருக்கமாக ஒருங்கிணைத்தால், ஒன்று பழுதடையும்போது வேலையை ஏற்க வேறு வழங்கி இருக்காது. பி.எம்.சி. காட்டும் அளவுகளில் சிறு பிழை இருக்கலாம் என்பதால், அடுக்கு அளவிகளோடு அவ்வப்போது ஒப்பிட வேண்டும். பி.எம்.சி. வழங்கியை அணைக்கவும் வல்லது. எனவே அதன் வலையமைப்பைப் பொது இணையத்திலிருந்து பிரித்துக் கடவுச்சொற்களால் காப்பது கட்டாயம்.

எவருக்கும் உரியதென்று தெரியாத வழங்கியே நடைமுறையில் பெரிய தடை. திட்டம் முடிந்த பிறகும், யாரோ பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்தில் அது இயங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு வழங்கிக்கும் பொறுப்பாளர், பணி, மறுஆய்வு நாள் ஆகியவற்றைப் பதிவு செய்வது மின்அளவி பொருத்துவதைப் போலவே இன்றியமையாதது. அளவி வீணாகும் மின்சாரத்தைக் காட்டும். அணைக்கும் முடிவைப் பொறுப்பாளர்தான் எடுக்க முடியும்.

முடிவாக

அவலாஞ்சியில் நீரின் மட்டத்தை அளந்து, எப்போது திறப்பது, எப்போது தேக்குவது என்று முடிவு செய்யப்படுகிறது. எந்த வழங்கி வேண்டும், எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது தரவு மையத்தில் அதற்கு இணையான பணி. இரண்டும் ஒரே மின்தொகுப்பின் இரு முனைகள். ஒரு முனையில் தேவையற்ற 150 வாட் நிறுத்தப்பட்டால், மறுமுனையில் அதற்குரிய நீர் அடுத்த உச்ச நேரத்துக்காக அணையிலேயே நிற்கும்.